மாத்திரை எடுத்துக் கொடுத்தவரே போய்விட்டால்

கேள்வி: மாமியார் இறந்து ஆறு நாள் ஆகிறது. மாமனாருக்கு 74 வயது; சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அவருடைய மாத்திரைகளை அத்தைதான் எடுத்துக் கொடுப்பார். எது எந்த வேளைக்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான்கு வயதுச் சின்னவனுக்கு நேற்று முன்தினத்திலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு, லேசான காய்ச்சல். எடை 16 கிலோ. நேற்று நாத்தனார் பாராசிட்டமால் கொடுத்தது தெரியாமல் அரை மணி நேரத்தில் நானும் ஒரு முறை கொடுத்துவிட்டேன். ஒன்பது வயது மகளுக்குத் திங்கள்கிழமை தேர்வு. வீடு நிறையத் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள். கணவர் சான்றிதழ், வங்கி என்று அலைகிறார். நான் இரவில் மூன்று மணி நேரம்தான் தூங்குகிறேன். இன்னும் ஒரு முறைகூட அழவில்லை, இது சரிதானா? அடுத்த வியாழக்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். எதை முதலில் பிடிப்பது என்றே தெரியவில்லை.

குடும்ப மருத்துவர் பதில்:

உங்கள் மனதை அரித்துக்கொண்டிருக்கும் அந்த இரட்டை மருந்தை முதலில் முடித்துவிடலாம். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 16 கிலோ பையனுக்கு 240. இரண்டு முறை போனதால் 480, அதாவது கிலோவுக்கு 30. ஈரலைக் கெடுக்கும் என்று நாங்கள் கவலைப்படத் தொடங்கும் அளவு கிலோவுக்கு 150க்குப் பக்கத்தில். எனவே இது ஒரே ஒரு முறை நேர்ந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இந்தக் கணக்கு ஒரு விஷயத்தைப் பொறுத்தது: பாட்டில் எது? 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. முதலாவதில் அவனுக்கு 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. பாட்டில் மாறி அளவு மாறாமல் போனால் ஒரே வேளையில் இரண்டு மடங்கு உள்ளே போய்விடும். வீட்டில் இரண்டும் இருந்தால் ஒன்றை இப்போதே எடுத்து அப்புறப்படுத்துங்கள். 250 பாட்டிலிலிருந்து 10 மில்லி வீதம் இரண்டு முறை போயிருக்குமோ என்று சந்தேகம் இருந்தாலும், இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட நாள் நடந்திருந்தாலும், இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணாமல் நீர் வற்றியிருக்கும் குழந்தைக்குத் தாங்கும் அளவு குறைவு.

இது ஏன் நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உதவிக்கு ஆள் இல்லாததால் அல்ல, நிறையப் பேர் இருந்ததால். சமையலைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளலாம், மருந்தைப் பகிரக் கூடாது. சின்னவனுக்கு மருந்து கொடுக்கிறவர் ஒருவர், மாமனாருக்குக் கொடுக்கிறவர் ஒருவர் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, கொடுத்த நேரம், மருந்தின் பெயர், அளவு, கொடுத்தவர் பெயர் என நான்கு கட்டம் போடுங்கள். கொடுத்த பிறகு எழுதலாம் என்று வைக்காதீர்கள். பாட்டிலைக் கையில் எடுத்ததும் எழுத வேண்டும்; இடையில் வாசலில் யாராவது வந்தால் மறந்துவிடும். பாராசிட்டமாலுக்கு இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 முதல் 6 மணி நேரம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் நான்கு வேளை. இந்த வாரம் ஐபுப்ரோஃபென் வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குச் சுமை.

சின்னவனின் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது. வாந்தி ஓரிரு நாளில் நிற்கும். வயிற்றுப்போக்கு ஐந்து முதல் ஏழு நாள் இழுக்கும். ஆண்டிபயாடிக் இதற்குப் பயன்படாது. பெரியவர்களுக்கு வாங்கி வைத்திருக்கும் பேதி நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குத் தொடவே கூடாது. உங்கள் வேலை ஒன்றுதான்: போகிற நீருக்கு ஈடாக ஓ.ஆர்.எஸ். உள்ளே போக வேண்டும். உப்பும் குளுக்கோசும் சரியான விகிதத்தில் சேர்ந்து இருந்தால்தான் குடல் சுவர் இரண்டையும் ஒன்றாக இழுக்கும், தண்ணீர் பின்னாலேயே போகும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் கால்வாசியைக் கண் அளவில் கொட்டி ஒரு டம்ளரில் கலக்குகிறார்கள். பொடிக்குள் உப்பு ஒரு பக்கமும் சர்க்கரை ஒரு பக்கமும் தங்கியிருந்தால் அந்த டம்ளரில் விகிதமே மாறிவிடும். பாக்கெட்டில் எழுதியுள்ள முழு அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் கையில் இல்லாத இரவில் மட்டும், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் கையால் அள்ளிப் போடாதீர்கள். குளிர்பானம், பாட்டில் பழச்சாறு வேண்டாம். அதிலுள்ள சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும்.

அளவு: ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுக்கிற குழந்தைக்கு டம்ளரைக் கொடுத்தால் தாகத்தில் ஒரே மூச்சில் குடித்துவிட்டு அப்படியே வெளியே தள்ளும். 'எதுவுமே தங்கவில்லை' என்று நீங்கள் நினைப்பீர்கள். வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி 5 மில்லி என்றால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போயிருக்கும். உட்கார்ந்து பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. 'ஏதாவது உதவி வேண்டுமா' என்று கேட்கும் அடுத்த உறவினரிடம் ஸ்பூனைக் கொடுங்கள். வாந்தி நின்றதும் அவன் வழக்கமாகச் சாப்பிடும் உணவையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், பட்டினி போட வேண்டியதில்லை. வயிற்றுப்போக்குக்கு இந்த வயதுக் குழந்தைகளுக்குத் தினமும் துத்தநாகம் 10 முதல் 14 நாள் தர உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது; அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, எழுப்பினால் துவண்டு மறுபடி தூங்குகிறான், மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தும் நான்கு மணி நேரமாக எதுவும் தங்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் யார் வந்திருந்தாலும் விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வீடு நிறைய ஆட்கள் என்பதால் ஒரு வார்த்தை. இந்த வைரஸ்களில் சிலவற்றை, குறிப்பாக நோரோவைரஸை, கைகளில் தடவும் ஆல்கஹால் திரவம் சரியாகக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. கழிவறை இருக்கை, குழாய்ப் பிடி, கதவுப் பிடி ஆகியவற்றை நீர்த்த பிளீச்சால் துடையுங்கள். 5 சதவீத பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. அவனுக்குத் தனித் துண்டு. கடைசியாக வாந்தியோ பேதியோ ஆகி 48 மணி நேரம் ஆகும்வரை அவனை வந்தவர்கள் மடியில் உட்கார வைக்க வேண்டாம், தாத்தா மடியில் கண்டிப்பாக வேண்டாம்.

இனி தாத்தா. அழுகிற குழந்தையைச் சுற்றி எல்லோரும் நிற்பார்கள். நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரை 'துக்கத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யாதீர்கள்' என்று விட்டுவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருகிறவர் அவர்தான். பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதைக் கடந்த 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் அவர்களின் இறப்பு எதிர்பார்த்ததைவிட 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதில் பெரும்பகுதி இதயநோய். நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 21 மடங்கு கூடுவதாகவும், பிறகு நாளுக்கு நாள் குறைவதாகவும் 2012இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. அதிர்ச்சியில் சுரக்கும் ஹார்மோன்கள் ஒரு காரணம். தூக்கமின்மை, பட்டினி, விட்டுப்போன மாத்திரை ஆகியவை அடுத்தவை. முதலாவதை நாம் தடுக்க முடியாது, மற்றவற்றைத் தடுக்கலாம்.

அத்தையோடு போனது அவருடைய மாத்திரைக் கணக்கும்தான். இன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் மேசைமேல் கொட்டுங்கள். அத்தையுடையதைத் தனிப் பையில் போட்டுக் கட்டுங்கள்; குளிர்சாதனப் பெட்டியில் அவருடைய இன்சுலின் இருந்தால் அதையும். வலிக்கான ஒட்டுப்பட்டை இருந்தால் பசைப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து வையுங்கள். மொத்தத்தையும் மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். 'நல்ல மருந்து, வீணாகப் போகிறதே' என்று யாருக்கும் கொடுக்கக் கூடாது. மிஞ்சிய மாமனாரின் மாத்திரைகளைக் கடைசி மருந்துச் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே மருந்து இரண்டு நிறுவனப் பெயரில் இருக்கும். அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் உள்ள மூலப்பெயரைப் படியுங்கள். வாங்கிய தேதி பில்லில் இருக்கும். அன்றிலிருந்து எத்தனை போயிருக்க வேண்டும், எத்தனை போயிருக்கிறது என்று எண்ணினால் இந்த ஆறு நாளில் எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். சீட்டே கிடைக்காவிட்டால் எல்லா அட்டையையும் ஒரே புகைப்படமாக எடுத்து அவருடைய மருத்துவருக்கு அனுப்புங்கள். ஏழு நாள், நான்கு வேளை என 28 அறை கொண்ட பெட்டியில் நிரப்பி வைத்துவிட்டால் பிறகு தினமும் யோசிக்க வேண்டியதில்லை.

சாப்பிடாத நாளில் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். கிளைமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பிடாதவருக்குச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். வியர்வை, நடுக்கம், எரிச்சல், குழறிய பேச்சு, சம்பந்தமில்லாத பதில் எல்லாம் வரும். மற்ற நாளில் உடனே கவனிப்பீர்கள். இந்த வாரம் 'பாவம், நிலைகுலைந்து போயிருக்கிறார்' என்று கடந்துவிடுவீர்கள். அவர் வழக்கத்துக்கு மாறாக நடந்தால் ஆறுதல் சொல்லும் முன் விரலில் ஊசி குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். இரண்டு முறை பார்த்தும் 300க்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

சின்னவனின் வயிற்றுப்போக்கு அவருக்கும் தொற்றினால் வேறு ஒரு பட்டியல் இருக்கிறது. மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின், 'பிரில்' அல்லது 'சார்ட்டான்' என்று முடியும் ரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரைகள், வலி மாத்திரைகள். நீர் வற்றிய உடம்பில் இவற்றில் சில சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்; மெட்ஃபார்மின் போன்றவை சிறுநீரகம் தளரும்போது உடம்பில் தேங்கித் தீங்கு செய்யலாம். அந்த 'கிளிஃப்ளோசின்' வகையில் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயமும் உண்டு. வாந்தி பேதி தொடங்கிய அன்றே தொலைபேசியில் 'இவற்றில் எதை எத்தனை நாள் நிறுத்த வேண்டும்' என்று கேளுங்கள். நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டாம். 'லால்' என்று முடியும் இதய மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். இன்சுலினையும் அப்படி மொத்தமாக நிறுத்தக் கூடாது.

நெஞ்சில் அழுத்தம், மூச்சுவாங்கல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை இருந்தால் துக்கத்தால் வந்த படபடப்பு என்று முடிவு கட்டாதீர்கள். துக்கத்தால் வந்ததாகவே இருந்தாலும் அது இதயத்தில் வந்திருக்கலாம். 1990இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட டகோட்சுபோ பாதிப்பு (அதிர்ச்சியால் இதயத் தசை திடீரெனத் தளர்வது) அப்படிப்பட்டதுதான். மருத்துவமனையில் ஈ.சி.ஜி. முதலான சோதனைகள் செய்த பிறகுதான் பிரித்தறிய முடியும்.

அவரைப் பேசவைக்க முயல வேண்டாம். ஒரே ஒரு ஆள், அவருக்குப் பழகியவர், மூன்று வேளையும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். 'சாப்பிடுங்கள்' என்று பத்துப் பேர் சொல்வதைவிட எதிரில் ஒருவர் சாப்பிடுவது நன்றாக வேலை செய்கிறது. 'அவள் போன இடத்துக்கே போய்விட வேண்டும்' என்று அவர் சொன்னால் காதில் விழாத மாதிரி இருக்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அந்த 28 அறைப் பெட்டியும் அப்போது உங்கள் கையில் இருக்கட்டும்.

குழந்தைகள் இருவருக்கும் பாட்டி 'தூங்குகிறார்', 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லியிருந்தால் திருத்துங்கள். தூங்கப் பயப்படும் குழந்தைகளை இந்த வார்த்தைதான் உருவாக்குகிறது. 'பாட்டி இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, திரும்பி வரமாட்டார்.' இவ்வளவு போதும். நான்கு வயதுக்காரன் நாளைக்கே மறுபடி 'பாட்டி எப்போ வருவா' என்பான். மரணம் மாற்ற முடியாதது என்பது அந்த வயதில் இன்னும் பிடிபடாது. அதே பதிலை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இன்னொன்றையும் சேருங்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனது, இறந்துவிட்டார். இப்போது தனக்கும் உடம்பு சரியில்லை. அவன் அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லாமல் போட்டுக்கொண்டிருக்கலாம். 'உனக்கு வந்திருப்பது வேறு, நாலைந்து நாளில் சரியாகிவிடும்' என்று கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

மகளின் தேர்வுக்கு ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிப் போட்டால் போதும். எழுத வேண்டுமா, தள்ளிப்போடலாமா என்று அவளிடமே கேளுங்கள். வழக்கமான பள்ளி நாள் சில குழந்தைகளுக்கு மூச்சுவிட இடம் தருகிறது. வயிறு வலிக்கிறது என்றால் துக்கம் என்று தீர்மானிக்கும் முன் தம்பியின் வைரஸ் இல்லையா என்று பாருங்கள்.

கணவரின் அலைச்சலில் பாதி இந்த வாரம் தேவையில்லை. இறப்பைப் பதிவு செய்வதற்குக் காலக்கெடு உண்டு, அதை முடிக்கட்டும். சான்றிதழுக்குக் கூடுதல் பிரதிகளை அப்போதே கேட்டு வாங்கட்டும். வங்கி, காப்பீடு ஆகியவற்றுக்குத் தகவல் மட்டும் தெரிவித்துவிட்டு, பணம் கோருவதற்கு எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அத்தையின் வங்கி அட்டையில் பணம் எடுக்க வேண்டாம், பின்னால் வாரிசுகளுக்குள் அதுவே தகராறாகும். அத்தையின் கைபேசி எண்ணை அவசரப்பட்டுத் துண்டிக்கவும் வேண்டாம். பல கணக்குகளுக்கு வரும் கடவு எண்கள் அந்த எண்ணுக்குத்தான் வந்துகொண்டிருக்கும்.

அழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான், கோளாறு எதுவும் இல்லை. துக்கம் ஐந்து நிலைகளாக வரிசையில் வரும் என்று எங்கோ படித்துவிட்டு நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தேட வேண்டாம். 1969இல் அதைச் சொன்னவர் பேட்டி கண்டது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை, உறவை இழந்தவர்களை அல்ல. ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த விளக்கம் உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறது: மனம் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது. உங்கள் மனம் இப்போது வேலைப் பக்கம் நிற்கிறது. இன்னும் மூன்று வாரம் கழித்து அத்தையின் கையெழுத்தை எங்காவது பார்த்து நீங்கள் உடைந்து அழலாம், அதுவும் சரிதான். ஆறு மாதம் தாண்டியும் தினசரி வாழ்க்கை நகரவே இல்லை என்றால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

தூக்கம் வேறு விஷயம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலக் குறைவதாக ஆய்வுகள் அளந்திருக்கின்றன. நீங்கள் அந்த நிலையில் சிரப் அளக்கிறீர்கள். இன்றிரவிலிருந்து ராக்காவலை இரண்டாகப் பிரியுங்கள். இரவு 9 முதல் 2 வரை நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க, கணவர் சின்னவனைப் பார்த்துக்கொள்ளட்டும். 2 முதல் 7 வரை அவர் தூங்கட்டும். இடையில் எழுப்பாத ஐந்து மணி நேரம், ஆறு முறை எழுந்த எட்டு மணி நேரத்தைவிட மேல். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். 'அத்தையின் தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொள்' என்று யாராவது சொல்வார்கள். அந்த மாத்திரை ஏற்கெனவே கட்டிய பைக்குள் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகலாமா என்பதைப் புதன்கிழமை மாலை முடிவு செய்யுங்கள். சின்னவனுக்குக் கடைசியாக வயிறு போய் 48 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். மாமனாரின் பெட்டியில் அதுவரையிலான அறைகள் காலியாக இருக்க வேண்டும். இரண்டு இரவாவது நீங்கள் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியிருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் போங்கள். கடைசி ஒன்று மட்டும் இல்லையென்றாலும் போகலாம், ஆனால் வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள்.